சாரண விதிகளும் நம் பிள்ளைகளின் முன்னேற்றமும்

(வேப்பனப்பள்ளியில் சாரணப் பொறுப்பாளர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

     

இக்கூட்டத்திற்கு வருமுன் நம் தொண்டர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்துப் பார்த்தேன். சீருடை வாங்க இயலாத பிள்ளைக்கு விதியைத் தளர்த்தலாமா? படித்தேர்வுகளில் நம் பிள்ளைகளுக்குச் சற்றுச் சலுகை காட்டலாமா? பாசறைத் தீயின்போது பறை அடிக்கலாமா, கூடாதா? இவற்றைக் குறித்துத் தொண்டர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதாகவும், சிலர் சற்றுக் காரமாகவே பேசிக்கொண்டதாகவும் அறிந்தேன். அதில் எனக்கு மகிழ்ச்சியே. பிள்ளைகள்மீது அக்கறை இல்லாதவர்கள் விதியைப் பற்றிச் சண்டையிட மாட்டார்கள்.

விதி என்றும் மரபு என்றும் யாரேனும் சொல்லக் கேட்டால் நம்மில் மூத்தோர் ஒரு கணம் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானது. நமக்கு விதி என்று சொல்லப்பட்டதெல்லாம் நம்மைக் கேளாமல் வகுக்கப்பட்டது. இந்தத் தெருவில் நடவாதே, இந்தக் கிணற்றில் இறங்காதே என்பது விதி. செத்த மாட்டை அப்புறப்படுத்து, சாவு வீட்டில் பறை அடி என்பது மரபு. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சொல்வதற்கே சென்னைச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே, சாரண இயக்கம் நம்மிடம் வந்து "விதிக்குக் கீழ்ப்படி" என்று சொல்லும்போது, அது எத்தகைய விதி, யார் வகுத்தது, யாருக்காக வகுத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்போம்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பிரௌன்சி என்னும் சிறு தீவில் பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களை வைத்து ஒரு பாசறை நடத்தினார். செல்வர் பிள்ளைகள் பயிலும் பெரிய பள்ளிகளிலிருந்து சிலர். அருகிலிருந்த ஊர்களின் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து சிலர். அவர்களைத் தனித்தனியே வைக்காமல் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. மறு ஆண்டு அவர் எழுதிய சாரண விதிகளில், ஒரு சாரணன் எந்தச் சமூகப் படிநிலையைச் சேர்ந்தவனாயினும் மற்றச் சாரணன் அவனுக்கு உடன்பிறப்பே என்னும் கருத்தை வெளிப்படையாகவே வைத்தார்.

ஆனால், அந்த விதி கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது நடந்தது வேறு. 1909இல் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில்தான் இந்நாட்டின் முதற்சாரணப் படை தொடங்கப்பட்டது. அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அணிவகுப்பும் வேவுக் கலையும் கற்பித்தால் அவர்கள் புரட்சிக்காரர்களாகி விடுவார்களோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். அதை எதிர்த்து 1916இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணச் சங்கம் கண்டனர். அச்சிறுவர்கள் தலைப்பாகை அணிந்தனர். நம் நாட்டுப் பாடல்களைப் பாடினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்து அச்சங்கத்தைத் தம் இயக்கத்தோடு சேர்த்துக்கொள்ள நேர்ந்தது.

இங்கே ஒன்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். வெள்ளையர் தம் படையில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்று பொங்கி எழுந்த அதே பெசன்ட் அம்மையார், 1909ஆம் ஆண்டு "இந்தியன் ரெவியூ" இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை உயர்ந்த வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைத்தல் கூடாது என்பது அக்கட்டுரையின் வாதம். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1945இல் வெளியிட்ட தம் நூலில் அதை எடுத்துக்காட்டி உலகறியச் செய்தார். அம்மையாரின் தொண்டுகளை நான் மறுக்கவில்லை. தமக்கு மூடப்பட்ட கதவைத் தட்டுகிறவர்கள், தாம் பிறருக்கு மூடிவைத்திருக்கும் கதவைக் காண்பதில்லை. அவ்வளவே.

பின்னர் 1937ஆம் ஆண்டில் இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்து மதிப்பிடும் கருத்தைப் பேடன் பவல் கூறினார் என்று பெருங்கொந்தளிப்பு எழுந்து, 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியே உருவாயிற்று. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7ஆம் நாள் பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின; 1951இல் சாரணியரும் அதில் சேர்ந்தனர். ஆகவே, சாரண மரபு என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்து வந்து மாற்றியமைத்த மரபு அது. நாமும் உள்ளே வந்திருக்கிறோம்.

இப்போது நம் இயக்கத்தின் விதிகள் ஒன்பது. சாரணன் அனைவருக்கும் நண்பன், மற்ற ஒவ்வொரு சாரணனுக்கும் உடன்பிறந்தவன் என்பது அவற்றுள் ஒன்று. பேடன் பவல் முதலில் வைத்த "எந்தப் படிநிலையினன் ஆயினும்" என்னும் பகுதி நம் நாட்டு விதியில் இல்லை. எந்த நாட்டுக்கு அது மிகுதியும் வேண்டுமோ அந்த நாட்டில் அது இல்லை! எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950 முதல் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உறுதிமொழி ஏற்கும் நாளில் இவ்விதியை விளக்கும் சாரண ஆசிரியர், எந்தச் சாதியினன் ஆயினும் என்பதைத் தம் வாயால் சொல்லி விளக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சொல்வதற்குக் கூச்சப்படும் ஆசிரியர் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கட்டும்.

விதி ஏட்டில் இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்பதை எங்கே காணலாம்? கொடியேற்றத்தில் காண முடியாது. அணிவகுப்பிலும் காண முடியாது. பாசறையின் பணிப் பட்டியலில் காணலாம். பாசறையில் ஒவ்வொரு நாளும் ஓர் அணி பணி அணியாக இருக்கும். விறகு சேர்ப்பது, தண்ணீர் சுமப்பது, சமைப்பது, பரிமாறுவது, குப்பைக் குழி வெட்டுவது, கழிப்பிடக் குழி வெட்டி மண் தூவுவது ஆகிய அனைத்தும் முறை வைத்துச் சுழல வேண்டும். இதுதான் சாரணக் கல்வியின் உயிர். ஆனால், இளமையில் நான் கண்ட ஒரு பாசறையில் பட்டியல் எதுவும் ஒட்டப்படவில்லை. "நீ நன்றாகக் குழி வெட்டுவாய்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தே மூன்று நாளும் ஒரே தெருப் பிள்ளைகளைக் கழிப்பிடப் பக்கம் அனுப்பினர். அடுப்புப் பக்கம் அவர்கள் வரவேயில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. பாராட்டியே அனுப்பினர்.

தொண்டர்களே, இதைக் கவனியுங்கள். மனிதக் கழிவை மனிதன் அகற்றும் இழிநிலையைத் தடுக்க 1993இலும் 2013இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தத் தொழிலை ஒரு பிறப்பின்மீது சுமத்தியதுதான் குற்றம். பாசறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் முறை வைத்துக் குழி வெட்டினால் அது சுகாதாரப் பயிற்சி. ஒரே பிள்ளைகள் வெட்டினால் அது பழைய ஊர். அதே மண்வெட்டி, அதே குழி. பட்டியல் ஒன்றே வேறுபாடு. சமையலும் அவ்வாறே. அம்பேத்கர் சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தண்ணீர்க் குழாயைத் தானே தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தாகம் தீரும். நம் பிள்ளை சமைத்த சோற்றை எல்லா அணியும் உட்கார்ந்து உண்ணும் ஒரு வேளை, பத்துச் சொற்பொழிவுகளுக்கு ஈடாகும். ஆகவே, பணிப் பட்டியல் விதியில் எந்தத் தளர்வும் கூடாது. முதல் நாள் மாலையே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.

சீருடைக்கு வருகிறேன். சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, தொப்பி, கழுத்தில் ஸ்கார்ப். இவை கூலி வேலை செய்யும் வீட்டுக்குச் சிறு செலவன்று. அதனால் விதியைத் தளர்த்திச் சாதாரண உடையில் வரவிடலாம் என்கிறார் ஒருவர். அவர் உள்ளம் நல்லது, யோசனை நல்லதன்று. அணிவகுப்பில் சீருடை இல்லாமல் நிற்கும் இரண்டு பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதை ஊர் ஒரு பார்வையில் கண்டுகொள்ளும். ஏழை பணக்காரன் வேற்றுமை தெரியக் கூடாது என்பதற்காகவே சீருடை வந்தது. ஆகவே விதி நிற்கட்டும். சுமையைச் சங்கம் ஏற்கட்டும். சங்கத்தின் பீரோவில் பல அளவுகளில் சீருடைகளை வைத்து, வளர்ந்த பிள்ளை திருப்பித் தர, அடுத்த பிள்ளை அணிந்துகொள்ளட்டும். சிக்கனமும் ஒன்பது விதிகளுள் ஒன்றுதானே!

படித்தேர்வுகளைப் பற்றிய கேள்விதான் மிகவும் முக்கியமானது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், பிறகு ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், இறுதியில் குடியரசுத் தலைவர் விருது என்று ஏணி அமைந்திருக்கிறது. சோபானம் என்றாலே படிக்கட்டு. நம் நாட்டில் மனிதர்களை அடுக்கி வைத்திருக்கும் இன்னொரு படிக்கட்டு உண்டு. அதில் பிறந்த படியிலேயே இறக்க வேண்டும். இந்தப் படிக்கட்டில் முடிச்சுப் போடத் தெரிந்தவன் ஏறுகிறான். சதுர முடிச்சு சரியாக விழுந்ததா என்பதற்குக் கயிறே சாட்சி. அதனால்தான் சலுகை வேண்டாம் என்கிறேன். முதலுதவிக் கட்டுப் போடத் தெரியாத பிள்ளைக்கு இரக்கத்தால் சின்னம் கொடுத்தால், நாளை ஒரு விபத்தில் அவன் கை நடுங்கும். "இவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள்" என்று பேசக் காத்திருப்பவர்க்கும் வாய் கிடைக்கும். தோற்ற பிள்ளைக்கு மீண்டும் கற்பியுங்கள். மூன்று முறையாயினும் கற்பியுங்கள். அது சலுகை ஆகாது, நம் கடமை.

ஆனால் தேர்வு விதியில் கண்டிப்பாக இருக்கும் நாம், பதிவு விதியில் சோம்பலாக இருக்கிறோம். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். இந்திய ரயில்வேயில் சாரண சாரணியர்க்கெனத் தனி ஒதுக்கீட்டில் பணி நியமனம் நடைபெறுகிறது. அதற்குக் குடியரசுத் தலைவர் விருதோ, தலைவர்களுக்கான இமாலய உட்பேட்ஜோ வேண்டும். தொடர்ந்து இயக்கத்தில் இருந்தமைக்குச் சான்றும் வேண்டும். சேர்ந்த நாள், உறுதிமொழி ஏற்ற நாள், ஒவ்வொரு படியும் தேறிய நாள் ஆகியவை பதிவேட்டில் இல்லையென்றால், பிள்ளை கற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. வயது வரம்போ யாருக்காகவும் காத்திராது. வசதியுள்ள வீட்டில் தந்தையே ஆசிரியரிடம் சென்று கேட்டு எழுதி வாங்கிவிடுவார். நம் வீட்டில் தந்தை அப்போது எங்கே இருப்பார்? பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அல்லது ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டில் இருப்பார்.

இந்த எல்லைப் பகுதியின் நிலையே அது. ஒரு தலைமுறையினர் கோலார் தங்கச் சுரங்கத்திற்குப் போயினர். 2001இல் அது மூடப்பட்டது. அடுத்த தலைமுறை ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறது. குடும்பத்தோடு பிள்ளையும் பாதி ஆண்டில் போய்விட்டால், படையிலிருந்து பெயரை அடித்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். பாரத சாரணர் இயக்கம் கர்நாடகத்திலும் உண்டு. தேறிய படிகளையும் நாட்களையும் எழுதிக் கையொப்பமிட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். அங்குள்ள படையில் தொடரட்டும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் நம் பிள்ளைகள் எந்தப் பாசறையிலும் ஊமையாக நிற்க மாட்டார்கள்.

இனிப் பறை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று உறுதி பூண்டு பறையைக் கீழே வைத்த பெரியவர்களின் மானம் பெரிது. அது நம் கலை, அதை ஏன் இழக்க வேண்டும் என்று கேட்கும் இளைஞரின் வேட்கையும் பொய்யன்று. நான் சொல்வது இது: இன்ன தெருப் பையன், ஆகவே இவன் அடிப்பான் என்று எந்தப் பாசறைத் தீயிலும் எவரும் கட்டளையிடக் கூடாது, அவ்வாறு கட்டளையிட்டால் பிள்ளை மறுத்து எழுந்து நிற்கலாம், அது கீழ்ப்படியாமை ஆகாது. அடிப்பதென்றால் எல்லா அணியிலிருந்தும் ஒருவர் கற்றுக்கொண்டு அடிக்கட்டும். முதலியார் வீட்டுப் பிள்ளையும் கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் தீயில் தோலைக் காய்ச்சிக் கையில் குச்சி பிடிக்கும் நாளில், நம் பிள்ளை அவர்களுக்கு ஆசிரியனாக இருக்கட்டும். பெரியவர்கள் இதற்கும் இசையவில்லையென்றால் இப்போதைக்குப் பறை வேண்டாம்; அவர்களை நோகடித்துப் பெறும் கலை நமக்கு அவசரமில்லை.

மற்றவை சிறியவை. உறுதிமொழியில் கடவுள் என்பதற்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்ல விதியே இடம் தருகிறது. பௌத்தம் தழுவிய குடும்பத்துப் பிள்ளைகளை இதில் யாரும் வற்புறுத்த வேண்டாம். இடக்கைக் குலுக்கலைக் கண்டு சில பாட்டிமார் முகம் சுளிப்பதாகச் சொன்னார்கள். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு இடக்கையை நீட்டுவது நம்பிக்கையின் அடையாளம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். நம்மைத் தொடவே அஞ்சியவர்கள் எந்தக் கையை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டி சொன்னாராம்; அவரையே தலைவராக வைத்திருக்கலாம்!

இறுதியாக ஒரு வேண்டுகோள். மேசைமீது இரண்டு குறிப்பேடுகள் உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு சாரணனும் சாரணியும் சேர்ந்த நாளையும் தேறிய படிகளையும் இன்றே எழுதிவிட வேண்டும். ஊரில் இல்லாத பிள்ளைகளின் விவரத்தைத் தாய்மார்கள் சொல்லட்டும். மற்றொன்று அடுத்த பாசறைக்கான பணிப் பட்டியல். அதை நானோ சாரண ஆசிரியரோ எழுதப் போவதில்லை. அணித் தலைவர்கள் கூடும் மன்றம் எழுதும்; அதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இருப்பர். கழிப்பிடக் குழிக்கான முதல் நாள் முறையில், தொண்டர்களாகிய நாம் ஓர் அணியாக நம் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.