எப்படித் திரும்பி வந்தாய்?

கொரியத் தொடர் ஓடாத வீடு இப்போது நம் பக்கம் குறைவு. விடுமுறைக்கு சியோல் போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். போய் வந்தவர்களைக் கேட்டால், கியோங்போக் அரண்மனை வாசலில் ஹான்போக் என்ற கொரிய மரபுடை உடுத்தி எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். அழகான படம்தான், குறை சொல்ல மாட்டேன். அந்த உடையில் போனால் அரண்மனைக்கு நுழைவுச்சீட்டும் வேண்டாமாம்!

ஆனால், யோங்சானில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2005-ல் அங்கே குடியேறியது அது. ஒரு பொருளின் முன்னால் நின்றால், "உனக்கு என்ன வயது?" என்பதோடு விட்டுவிடாதீர்கள். "நீ எப்படித் திரும்பி வந்தாய்?" என்றும் கேளுங்கள்.

கூடத்தின் கோடியில் ஒரு பளிங்குக் கோபுரம் நிற்கிறது. பத்து நிலை, பதின்மூன்றரை மீட்டர் உயரம், 1348-ல் எழுப்பியது. 1907-ல் ஜப்பானிய அமைச்சர் ஒருவர் அதைக் கல் கல்லாகப் பிரித்துத் தம் நாட்டுக்கு அனுப்பிவிட்டார். சிலையை அல்ல ஐயா, கோபுரத்தையே! பெத்தெல் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளரும் ஹல்பர்ட் என்ற அமெரிக்கரும் விடாமல் எழுதி மானத்தை வாங்கினார்கள். 1918-ல் கற்கள் திரும்பின.

அடுத்து உய்க்வே நூல்கள். கொரியாவை ஆண்ட ஜோசன் வம்ச அரசர்களின் விழாப் பதிவேடுகள் அவை. நம் கல்யாண வீட்டுக் கணக்கு நோட்டை ஓர் அரசாங்கமே உட்கார்ந்து எழுதினால் எப்படியிருக்கும், அப்படி. என்ன செலவு, ஊர்வலத்தில் யாருக்குப் பின்னால் யார், வேலை செய்த கைவினைஞர் பெயர் என்ன, எல்லாம் உண்டு. ஊர்வலம் முழுவதும் வண்ணப் படமாகவும் உண்டு. 1866-ல் பிரெஞ்சுக் கடற்படை கங்வா தீவின் அரச நூலகத்தைக் கொளுத்தியது. கொளுத்துமுன் இவற்றைக் கப்பலேற்றிக்கொண்டது.

நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தடம் தெரியவில்லை. 1955-ல் படிப்பதற்காக பாரிஸ் போன பார்க் பியோங்-சோன் என்ற பெண், பிரான்சின் தேசிய நூலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து தேடினார். 1975-ல் கண்டுபிடித்தார். எங்கே? வெர்சாயிலுள்ள கிளைக் கிடங்கில், சீன நூல்கள் என்ற பெயரில்! செய்தியை வெளியே சொன்னார். பிறகு அந்த வேலையில் அவர் நீடிக்க முடியவில்லை. அதற்காக விட்டாரா? வெறும் வாசகராக அதே நூலகத்துக்குப் போய், தொகுதி தொகுதியாகக் குறிப்பெடுத்தார். 2011-ல் நூல்கள் சியோலுக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த 297 தொகுதிகளும் சட்டப்படி இன்றும் கடன்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பறிகொடுத்தவன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான், ஐயா!

இன்னொன்று வரவேயில்லை. உலோக அச்செழுத்தில் அச்சாகி மிஞ்சியிருக்கும் உலகின் மிகப் பழைய நூல் ஜிக்ஜி. அச்சான ஆண்டு 1377. அது கொள்ளை போகவில்லை. பிரெஞ்சுத் தூதர் ஒருவர் சேகரித்து எடுத்துப்போனார். அதனாலேயே திருப்பிக் கேட்பது கடினமாக இருக்கிறது. அச்சிட்ட ஊரான சோங்ஜுவில் பழைய அச்சுக்கலைக்கென்றே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். அசல் பாரிசில் இருக்கிறது. சியோல் வரை போகிறவர்கள் பேருந்து ஏறி சோங்ஜுவுக்கும் போய் வாருங்கள்.