ராக் போச்சுன்னு சொன்னாங்க: வேப்பம்பட்டுல ஒரு ஸ்டீயரிங் லீக்

(எபிசோடின் பேச்சு வடிவம். வாசிப்பதற்காக லேசாகத் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் நம்ம சொந்தக் கதை. என் வண்டி, என் பணம், என் முட்டாள்தனம் எல்லாம் இதுல இருக்கு.

வண்டி மிட்சுபிஷி சீடியா. "அது ஸ்போர்ட்ஸ் காரா? நாலு கதவு செடான்தானே"ன்னு கமென்ட்ல வரப்போறவங்களுக்கு முன்னாடியே பதில் சொல்லிடறேன். 2001-ல வந்த லான்சர் எவல்யூஷன் 7 இருக்கே, அது இந்த சீடியா உடம்பு மேல கட்டினதுதான். நம்ம ஊர் ராலிகள்ல சீடியா எத்தனை வருஷம் ஓடுச்சுன்னு பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரை. இன்னைக்கு அது பெரிய நம்பர் இல்லை. ஆனா அந்த ஸ்டீயரிங்! ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ரோடுல கிடக்கிற கூழாங்கல் கூடக் கைக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். இந்த வண்டி பிறந்தது எங்க ஏரியாவுலதான். வேப்பம்பட்டுல ரயில் ஏறினா செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், அடுத்து திருவள்ளூர். அங்க ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிளான்ட்ல 1998-லேர்ந்து லான்சர் செஞ்சாங்க, அப்புறம் 2006-ல சீடியா. இப்போ அதே இடத்துல சிட்ரோயன் வண்டிங்க வெளியே வருது. வண்டி பிறந்த வீடு மூணு ஸ்டேஷன் தள்ளி இருக்கு, ஆனா ஸ்பேர் பார்ட்ஸுக்கு நான் ஊரெல்லாம் அலையணும். அதான் நிலைமை.

சரி, லீக்.

முதல்ல காலையில வண்டிக்கு அடியில ரெண்டு சொட்டு. ஏசி தண்ணின்னு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு விரல்ல தொட்டுப் பார்த்தா வழவழன்னு சிவப்பா இருக்கு. தண்ணிக்கு நிறம் கிடையாது. எஞ்சின் ஆயில் பழசானா கருப்பு. பிரேக் ஆயில் லேசான மஞ்சள், பெயின்ட்ல பட்டா பெயின்ட் உரியும். சிவப்புன்னா பெரும்பாலும் ஏ.டி.எஃப்., கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா இருந்தா அங்கேர்ந்தும் வரலாம். என் வண்டி மேனுவல். அப்போ ஸ்டீயரிங்தான்.

டாப்-அப் பண்ணிட்டு ஓட்டினேன். அதுதான் முட்டாள்தனம் நம்பர் ஒண்ணு. ஒரு மழை ராத்திரி, அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, சி.டி.எச். ரோடுல யு-டர்ன் எடுக்கறேன். "ஊஊம்"னு ஒரு முனகல் சத்தம், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. எதிர்ல லாரி. முழுசாத் திரும்ப முடியாம குறுக்க நின்னுட்டேன். லாரிக்காரர் நிறுத்தினார், திட்டினார், அவர் திட்டினதுல தப்பே இல்லை. ஹைட்ராலிக் போனாலும் ஸ்டீயரிங் வேலை செய்யும், இணைப்பு மெக்கானிக்கலா இருக்கு. ஆனா அந்த பலம் திடீர்னு கைக்கு வேணும். அம்மா வீட்டுக்கு வந்து சொன்ன ஒரே வாக்கியம்: "இதை எடைக்குப் போட்டுடு."

அடுத்த நாள் ஒரு ஒர்க்‌ஷாப். வண்டியைத் தூக்கினாங்க, டார்ச் அடிச்சாங்க, ராக்குக்குப் பக்கத்துல எல்லாம் ஈரம். "ராக் சீல் போச்சு சார். ராக் அசெம்பிளியே மாத்தணும், 38,000 ஆகும், பார்ட் வர்றதுக்கு ஒரு மாசம்." நான் வண்டி வாங்கின விலையில மூணுல ஒரு பங்கு அது. அந்தப் பணம் எங்கிட்ட இல்லை. ராக்தான்னா வண்டியை வித்துடணும்னு முடிவு பண்ணிட்டேன். உண்மையாவே முடிவு பண்ணிட்டேன், போட்டோ எல்லாம் எடுத்துட்டேன்.

காப்பாத்தினது எங்க தெருவுல இருக்கற ஒரு அண்ணன். லாரி மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, பூட்டுக்கு உள்ள பார்த்தாங்களா?"

ராக்கோட ரெண்டு முனையிலயும் அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பா ரப்பர் பூட் இருக்கும். ராக் சீல் போனா ஆயில் அந்த பூட்டுக்கு உள்ள சேரும். க்ளாம்பைக் கழட்டி பூட்டை லேசா விலக்கினோம். உள்ள காய்ஞ்சு கிடக்கு. க்ரீஸ் தவிர ஒரு சொட்டு இல்லை. வெளியதான் நனைஞ்சிருக்கு. அதாவது ஆயில் மேலேர்ந்து வழிஞ்சு வந்து, கடைசியில தாழ்வா இருக்கற ராக் மேல சொட்டுது. 38,000 ரூபாய்க்கு எதிரா நின்ன பரிசோதனைக்கு ஆன செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிஷம்.

அப்புறம் கழுவற வேலை. ஊறிப்போன எஞ்சின் பேல எங்க லீக்னு எந்த மனுஷனாலயும் சொல்ல முடியாது. ஆல்டர்நேட்டருக்கு பிளாஸ்டிக் கவர் கட்டிட்டு, டீக்ரீசர், பிரஷ், தண்ணி. ஒரு ராத்திரி காய விட்டோம். காலையில பம்ப், ஹோஸ், ஜாயின்ட் எல்லாத்துலயும் முகப் பவுடர் தூவினோம். ஆமா, அம்மாவோட பவுடர். அதுக்கும் திட்டு வாங்கினேன்.

எஞ்சின் ஆன். நான் ஸ்டீயரிங்கை இந்த லாக்லேர்ந்து அந்த லாக் வரைக்கும் மெதுவாத் திருப்பறேன், அண்ணன் டார்ச்சோட பார்க்கறார். முழு லாக்ல அஞ்சு செகண்டுக்கு மேல பிடிக்கக் கூடாது. அந்த இடத்துலதான் பம்ப் உச்ச பிரஷர் போடும், ஆயில் கொதிக்கும், பம்ப் கெடும். பிரஷர் எவ்வளவுன்னு ஒரு ஐடியாவுக்கு: டயர்ல நீங்க அடிக்கற காத்து 30 சொச்சம் பி.எஸ்.ஐ. இங்க ஆயிரத்தைத் தாண்டும். அதனால லீக் இருக்கான்னு கையால தடவிப் பார்க்காதீங்க, ப்ளீஸ். ஊசித்துளை வழியா வர்ற ஆயில் தோலைக் குத்தி உள்ள போயிடும், அது ஆபரேஷன் வரைக்கும் போற கேஸ். அட்டையை நீட்டுங்க, அட்டை நனையட்டும். அதே ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல தெறிச்சா தீயும் பிடிக்கலாம். நான் ஒரு மாசம் டாப்-அப் பண்ணி ஓட்டினேன்னு சொன்னேன் இல்லையா, இப்போ நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

நேரா இருக்கும்போது ஒண்ணும் இல்லை. இடது லாக் தொட்ட உடனே அண்ணன் "நிறுத்து"ன்னார். பம்ப்லேர்ந்து ராக்குக்குப் போற பிரஷர் ஹோஸ். ரப்பரும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்துல நசுக்கிப் பிடிச்ச உலோக வளையம் இருக்கே, அந்த க்ரிம்ப்புக்கு அடியில பவுடர் ரோஸ் கலராகி ஒரு கோடு இறங்குது. 15 வருஷ சூட்டுல ரப்பர் இறுகிப் போச்சு, க்ரிம்ப் பிடி விட்டுப் போச்சு. அவ்வளவுதான் வியாதி. இதுக்கு நடுவுல நான் ஒரு லீக்-ஸ்டாப் பாட்டில் வேற ஊத்தியிருந்தேன். அது சீல் ரப்பரை உப்ப வைக்கிற மருந்து. க்ரிம்ப்பை அது என்ன பண்ணும்? காசு தண்டம்.

புது ஹோஸ் புதுப்பேட்டையில கேட்டேன், ஜி.பி. ரோடுல கேட்டேன். பழசு ஒண்ணு கிடைச்சுது, அதுவும் அதே வயசு. அண்ணன் சொன்னார், "அம்பத்தூர் எஸ்டேட் போ, ஜே.சி.பி.க்கு ஹோஸ் போடற கடை இருக்கும்." ஹோஸைக் கழட்டி ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, லோக்கல் ட்ரெயின்ல மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த தாத்தா மீனான்னு கேட்டார்.

கடையில இருந்த மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எவ்வளவு பார் தம்பி?"ன்னார். எனக்குத் தெரியலை. அவரே சொன்னார், கார் ஸ்டீயரிங்குக்கு 100 பார்னு வெச்சுக்கலாம், ஜே.சி.பி. 200-ஐத் தாண்டும், இதெல்லாம் ஜுஜுபி. ரெண்டு முனை இரும்புக் குழாயையும் அப்படியே வெச்சுக்கிட்டு, நடுவுல புது கம்பி வலை ஹோஸ், புது வளையம், மெஷின்ல ஒரு நசுக்கு. 1,400 ரூபாய். ஆனா ஒண்ணு எச்சரிச்சார்: கம்பெனி ஹோஸ் லேசா விரிஞ்சு பம்ப்போட துடிப்பை வாங்கிக்கும், இது விறைப்பா இருக்கும், கொஞ்சம் உறுமும். உறுமுது. முழு லாக் பக்கம் போனா மெல்லிசா ஒரு "ம்ம்ம்" இருக்கு. எனக்கு ஓகே.

முட்டாள்தனம் நம்பர் ரெண்டு இங்க வருது. பம்ப்ல ஹோஸை மாட்டற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் உண்டு. ஒரு தடவை நசுங்கின வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கடை மூடிட்டாங்க, பழசையே போட்டு இறுக்கினேன். மறுநாள் காலையில சிவப்பு. ரெண்டு வாஷர் 30 ரூபாய். அந்த 30 ரூபாய்க்காக எல்லாத்தையும் மறுபடி கழட்டினேன். அண்ணன் ஒண்ணும் சொல்லலை. டீ குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

கடைசியா காத்து எடுக்கறது. முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு வெச்சு (வெறும் ஜாக்கை நம்பாதீங்க), எஞ்சின் ஆஃப்ல ஸ்டீயரிங்கை லாக் டு லாக் மெதுவா 20 தடவை. நடு நடுவுல பாட்டில்ல டெக்ஸ்ரான் ஏ.டி.எஃப். ஊத்திக்கிட்டே இருக்கணும். உங்க வண்டிக்கு வேற ஆயிலா இருக்கலாம், மூடி மேல எழுதியிருக்கும், படிங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி மறுபடி மெதுவா. பாட்டில்ல பால் நுரை மாதிரி தெரிஞ்சா காத்து இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம், நிறுத்திட்டு அரை மணி விடுங்க. எங்களுக்கு மூணு ரவுண்டு ஆச்சு.

ராத்திரி அடியில செய்தித்தாள் விரிச்சு வெச்சுட்டுப் படுத்தேன். அஞ்சரைக்கெல்லாம் முழிப்பு வந்துடுச்சு. பேப்பர் காய்ஞ்சு இருந்துச்சு, ஒரு மூலையில மட்டும் பூனை உட்கார்ந்த தடம். அதோட மூணு மாசம் ஆச்சு, பாட்டில்ல லெவல் கோடு அசையலை. அம்மா போன வாரம் திருநின்றவூர் கோயிலுக்குப் போகணும்னாங்க. "பஸ்ல போலாமா?"ன்னு கேட்டேன். "ஏன், வண்டிக்கு என்ன?"ன்னாங்க.

உங்க வண்டி லீக் போட்டோ இருந்தா அனுப்புங்க. ஆனா கழுவினதுக்கு அப்புறம் எடுத்த போட்டோவா இருக்கட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.