துல்லியம் என்னும் சொல்



'துல்லியமான கவிதை' என்னும் பாராட்டு மதிப்புரைகளில் மலிந்துள்ளது. எதனோடு ஒப்பிட்டுத் துல்லியம் என்று கேட்பார்தாம் இல்லை. வடமொழியின் 'துல்ய' என்பதற்கு நிகரானது, ஒத்தது என்பது பொருள். துலை எனப்படும் நிறைகோலோடு உறவுடைய சொல் அது. ஒரு தட்டில் பொருள் இருப்பின் மறுதட்டில் படிக்கல் வேண்டும். தனித்து நிற்கும் துல்லியம் என ஒன்று இல்லை.

நுட்பத்தையும் துல்லியத்தையும் ஒன்றெனக் கொள்வது பரவிய மயக்கம். தியாகராய நகர் நகைக்கடையின் மின்னணுத் தராசு மில்லிகிராம் வரை எண் காட்டும், அது நுட்பம். அவ்வெண் மெய்தானா என்பதை முத்திரையிட வரும் ஆய்வாளரின் படிக்கல்லே சொல்லும், அது துல்லியம். மிக நுட்பமாகப் பிழைபடுதலும் இயலும். கவிஞர் சிலர்க்கு அது கைவந்த கலை!

பாவலர்க்குப் படிக்கல் கண்முன் உள்ள பொருளே. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. அதன் பூ விரியும் பருவத்தில் போது, விரிந்தபின் மலர், உதிர்கையில் வீ, வாடிக் கிடந்தால் செம்மல். தரையில் வாடிக் கிடப்பதை மலர் என்று பாடினால் யாப்புக் கெடாது, ஓசையும் கெடாது. தராசு மட்டும் சாயும்.

பதிப்பாசிரியர்க்குப் படிக்கல் ஏட்டுச் சுவடி. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கியும் கிடைக்காத பகுதிகளில் புள்ளிகளையே இட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். செய்யுள் இயற்ற வல்லவர். சிதைந்த அடியை நிரப்புவது அவர்க்கு அரிதன்று. நிரப்பியிருப்பின் ஐயுறுவாரும் அந்நாளில் மிகச் சிலரே. ஆயின் அச்சொல்லுக்கு எதிர்த்தட்டில் வைக்க ஏடு இராது. இன்றைய புலவர்க்கு அப்புள்ளிகளைவிட அழகிய ஊகங்கள் பிடிக்கக்கூடும். ஊகம் அடிக்குறிப்பில் இருக்கட்டும், பாடலுக்குள் புகவேண்டா.

ஐயர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டே தோன்றிய அவர் பெயரிலான நூல்நிலையம், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அவர் தேடிய சுவடிகளைக் காத்து வருகிறது. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. அடுத்த பாடலை முன்னே நகர்த்தி அவ்விடத்தை யாரும் மூடவில்லை. 269ஆம் பாடல் 269ஆகவே நிற்கிறது.