ஆலை மூடினால் போதுமா?

(சேலம் ஜில்லா மேட்டூரை அடுத்த கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண்ணைப் பற்றியது. ஓர் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப்பற்றிப் பேச அநேகர் இருக்கிறார்கள். கூலியைப் பற்றிப் பேசச் சங்கம் இருக்கிறது. லாபத்தைப் பற்றிப் பேசப் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். வரியைப் பற்றிப் பேச சர்க்கார் இருக்கிறது. ஆனால் அதே ஆலையை மூடிப் பூட்டுப் போட்ட பிறகு, மதிலுக்குள்ளே புதைந்து கிடக்கும் கழிவைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? முதலாளி வேறு ஊருக்குப் போய்விடுகிறான். தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடுகிறான். உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போய்விடுகிறார். போகமுடியாமல் இருப்பது இரண்டே. ஒன்று அந்த மண், மற்றொன்று அந்த மண்ணுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் நீங்கள். ஆகவே இதைப்பற்றி நீங்கள் பேசாவிட்டால் வேறு ஒருவரும் பேசப்போவதில்லை.

நமது ஜில்லாவின் கதையையே பாருங்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. தண்ணீரும் மின்சாரமும் இருக்கிறதென்று 1936-ல் இங்கு ரசாயன ஆலை வந்தது. 1960-களில் அலுமினிய ஆலை வந்தது. ஏற்காட்டிலும், இன்று நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையிலும் பாக்சைட்டுக் கல்லை வெட்டி லாரியில் கொண்டுவந்து இங்கே வேகவைத்தார்கள். ஆலை வந்தபோது நாமும் சந்தோஷப்பட்டோம். பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. ஊரில் கடை கண்ணி வந்தது. அதை நாம் மறைக்கவில்லை. 2008-ல் அலுமினியம் உருக்குவதும் நின்றுபோயிற்று.

ஆலை நின்றவுடன் கழிவும் காணாமல் போய்விடுமா? பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து ஒரு டன் அலுமினா எடுத்தால், ஏறக்குறைய அவ்வளவோ அதற்கு மேலோ சிவப்புச் சேறு மிஞ்சும். காரம் நிறைந்த அந்தச் சேற்றை எளிதில் விற்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது. குளம் மாதிரி கரை கட்டித் தேக்கிவைப்பதுதான் உலக வழக்கம். ஹங்கேரி தேசத்தில் 2010 அக்டோபரில் அப்படிப்பட்ட கரை ஒன்று உடைந்தது. சேறு ஊருக்குள் புகுந்து பத்துப் பேர் மாண்டார்கள். இதை நாம் சொல்லுவது உங்களைப் பயமுறுத்துவதற்கோ, எந்தக் கம்பெனியின்மீதும் பழி சுமத்துவதற்கோ அல்ல. ஆலைக்கு ஆயுள் முடிந்தாலும் கழிவுக்கு ஆயுள் முடிவதில்லை என்பதைக் காட்டுவதற்காகவே சொல்லுகிறோம்.

நிற்க. இந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் சீமை கல்லாங்காடு. மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு வெடிப்பு கழிவு கிடக்கும் இடத்திலிருந்து இவர் கிணற்றுக்கு வரும். பத்து முழம் தள்ளியிருக்கும் அவர் கிணற்றுக்கு வேறு வெடிப்பு வேறு பக்கமிருந்து வரும். ஆகவே இவர் தண்ணீர் கெட்டுப்போகும்; அவர் தண்ணீர் நன்றாயிருக்கும். இதைப் பார்த்து ஊரில் என்ன சொல்லுவார்கள்? “அவன் பண்ணின பாவம், அவன் கிணறு கெட்டது; இவன் பண்ணின புண்ணியம், இவன் கிணறு இனிக்கிறது” என்று சொல்லுவார்கள். ஜோசியரைக் கேட்பார்கள், அம்மனுக்கு ஆடு வெட்டுவார்கள், கிணற்றின் வாசலை மாற்றி வைப்பார்கள். கம்பெனிக்காரனுக்கு இதைவிட வேறு என்ன சௌகரியம் வேண்டும்? தன் கழிவுக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தலையெழுத்தே பதில் சொல்லிவிடுகிறது! தோழர்களே, பாறைக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகிறது. அதைக் கண்டுபிடிக்க மந்திரம் வேண்டியதில்லை; பரிசோதனை வேண்டும்.

சரி, பாமர ஜனங்கள் கேட்டால் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கொடைக்கானலில் 1980-களில் காய்ச்சல் பார்க்கும் தர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஓடிய பழைய யந்திரங்களைக் கொண்டுவந்து மலையின் மேல் வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. தர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மூச்சில் ஏறும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆற்றில் இறங்கினால் மீனில் சேரும். உடைந்த கண்ணாடியைப் பாதரசத்தோடு மூட்டை கட்டி, ஊருக்குள்ளேயே ஒரு பழைய சாமான் கடைக்குப் போட்டிருந்தார்கள். 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும், அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களும், சுற்றுச்சூழல் சங்கத்தாரும் சேர்ந்து அந்த மூட்டைகளைக் கண்டுபிடித்து, ஊர்வலம் போய் ஆலையின் வாசலில் நின்றார்கள். ஆலை மூடப்பட்டது.

அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை. ஆலை மூடியதை வெற்றியென்று எண்ணி அவர்கள் படுத்திருந்தால் பாதரசம் அங்கேயே படுத்திருக்கும். 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப்போயிற்று. பணக்கார தேசத்தின் கழிவு ஏழை தேசத்துக்கு வருவதுதான் உலக வழக்கம். இங்கு வழக்கம் தலைகீழாயிற்று. 2016-ல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காகக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. பிறகு மண்ணைப் பற்றிய வாதம் வந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கும் அளவுக்குச் சுத்தம் செய்தால் போதுமென்று ஒரு பக்கம்; கீழே பாம்பாற்றுச் சோலை இருக்கிறது, அது போதாது என்று ஊர்ப் பக்கம். இது வெறும் கணக்குச் சண்டை என்று எண்ணாதீர்கள். “எவ்வளவு சுத்தம் போதும்?” என்பதை நிர்ணயிப்பவன் யார் என்பதே முழு விஷயமும். அங்கே குடியிருப்பவனா, அல்லது செலவு செய்ய வேண்டியவனா? தன் வீட்டைப் பெருக்குகிறவள் எப்போது சுத்தமாயிற்று என்று தானே பார்த்துக்கொள்ளுகிறாள். ஊரை மட்டும் சுத்தமென்று வேறொருவன் எழுதிக்கொடுத்தால் நாம் கைகட்டி ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

இதற்கு எதிரிடையான உதாரணம் ராணிப்பேட்டை. அங்கே குரோமேட் ரசாயனம் செய்த ஆலை ஒன்று 1990-களில் மூடிக்கொண்டது. சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் டன் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து நின்றுவிட்டது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் இறங்கும். ஆலை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் குவியல் அங்கேயே இருந்தது. காரணமென்ன? ஆலைக்குச் சொந்தக்காரன் பொறுப்பில் நிற்கவில்லை. யார் செலவு செய்வது என்று காகிதம் ஓர் ஆபீசிலிருந்து மற்றோர் ஆபீசுக்கு நடந்தது. காகிதம் நடந்ததைவிட மஞ்சள் நீர் வேகமாக நடந்தது.

போபாலைப் பாருங்கள். 1984-ல் விஷ வாயு கக்கிய ஆலையின் வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவை, நாற்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் பீதம்பூர் என்ற ஊருக்கு லாரியில் கொண்டுபோனார்கள். அந்த ஊரார் தங்களைக் கேட்காமல் கொண்டுவந்ததாகக் கிளர்ச்சி செய்தார்கள். ஓர் ஊரின் விஷத்தை எடுத்து மற்றோர் ஊரின் தலையில் வைப்பது சுத்தம் செய்வதாகாது என்று அவர்களுக்குத் தோன்றியதில் தப்பென்ன? ஆகவே நாளைக்கு இந்த ஊர்க் கழிவை அள்ளுங்கள் என்று நீங்கள் கேட்கும்போது, அள்ளி எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதுதான் யோக்கியமான சுயநலம்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கெடுத்தவனே செலவு செய்ய வேண்டும் என்ற கொள்கையை சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே ஒப்புக்கொண்டது. அதில் ஒரு வழக்கு நம் வேலூர் ஜனங்கள் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்துப் போட்ட வழக்கு. இப்போது 2025 ஜூலையில் மத்திய சர்க்கார், விஷம் ஏறிய நிலங்களைப் பற்றித் தனி விதிகளே வெளியிட்டிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: ஸ்தல ஸ்தாபனமோ ஜில்லா நிர்வாகமோ, தானாகவோ ஜனங்களின் புகாரின்பேரிலோ, சந்தேகப்படும் நிலத்தை அறிவிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் பரிசோதனை செய்ய வேண்டும். விஷம் உண்டென்று தெரிந்தால் விரிவான ஆராய்ச்சி. பிறகு சுத்தம் செய்யும் திட்டம். கெடுத்தவனைக் கண்டுபிடித்து அவனிடம் செலவை வசூலிப்பது. அவன் அகப்படாவிட்டால் சர்க்கார் ஏற்பாடு செய்வது. சுரங்கம் வெட்டிக் கெட்ட இடங்களை இவ்விதிகள் சேர்க்கவில்லை. மலைகளுக்காகத் தனியே வாதாட வேண்டும். இந்தியா முழுவதிலும் இப்படிப்பட்ட 103 இடங்கள் கண்டிருப்பதாகவும், அவற்றில் ஏழே இடத்தில்தான் வேலை தொடங்கியிருப்பதாகவும் விதி வெளியானபோது செய்தி வந்தது. நூற்றுமூன்றில் ஏழு! விதி காகிதத்தில் இருந்தால் தானே நடந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

“ஜனங்களின் புகாரின்பேரில்” என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அந்த ஆலையில் வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் உயிரோடிருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள், எந்த வருஷம் மூடினார்கள் என்பது கம்பெனிக் கணக்கில் இராது. அந்தக் கிழவர்களின் ஞாபகத்தில் இருக்கும்.

இரண்டாவது, ஊரின் படம் ஒன்று வரைந்து ஒவ்வொரு கிணற்றுக்கும் எண் போடுங்கள். எந்த வருஷம் நிறம் மாறிற்று, எந்த வருஷம் மாடு குடிக்க மறுத்தது என்று எழுதுங்கள். இது பெண்கள் செய்ய வேண்டிய வேலை. ஏனெனில் தண்ணீரை மொண்டு, மோந்து, சமைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள். அமெரிக்காவில் லவ் கனால் என்ற இடத்தில், சுமார் 21 ஆயிரம் டன் ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்தை ஒரு கம்பெனி 1953-ல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்தது. 1978-ல் லோயிஸ் கிப்ஸ் என்ற ஒரு குடும்பப் பெண், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கெடுத்தார். கேலி செய்தார்கள். ஆனால் 1980-ல் அந்த தேசம் முழுவதற்கும் விஷ நிலங்களைச் சுத்தம் செய்யச் சட்டம் வந்ததற்கு அந்தக் கிளர்ச்சி ஒரு முக்கிய காரணமாயிற்று. அடுப்படிக் கணக்கு தேசத்தின் சட்டமாயிற்று.

மூன்றாவது, கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 தண்ணீருக்கென்றே ஏற்பட்ட நாள். அந்தத் தீர்மானத்தோடு கலெக்டருக்கு மகஜர் கொடுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் சட்டத்தின்படி பழைய பரிசோதனைக் காகிதங்களைக் கேளுங்கள். மண்ணும் தண்ணீரும் எடுக்க வரும்போது உங்கள் எதிரிலேயே எடுத்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் கேளுங்கள். புரியாத பாஷையில் சுலோகம் சொல்லி நம்மை ஏமாற்றிய காலம் போதும். புரியாத பாஷையில் அறிக்கை கொடுப்பதும் அதே ஜாதிதான்.

நான்காவது, மிகவும் முக்கியம்: ஆர்வத்தில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நீங்களே தோண்டப் போகாதீர்கள். இது குளம் தூர் வாரும் வேலையல்ல. தோண்டினால் தூசியாய் மூச்சில் ஏறும் விஷம். அறிந்தவர்கள், உரிய உடையோடும் கருவியோடும் செய்ய வேண்டியது. நீங்கள் செய்ய வேண்டியது மேற்பார்வை. அள்ளும் வேலைக்கு யாரைக் கொண்டுவருகிறார்கள் என்றும் பாருங்கள். சாப்பிடுகிறவன் ஒருவன், எச்சில் இலை எடுக்கிறவன் வேறொருவன் என்பதுதானே இந்த நாட்டு வருணாசிரமம்! லாபம் தின்றவன் பட்டணத்தில் இருக்க, வெறுங்கையோடும் வெறுங்காலோடும் விஷத்தை அள்ளச் சேரியிலிருந்து ஆள் பிடிப்பார்களானால், அந்தச் சுத்தம் நமக்கு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

“அப்படியானால் ஆலையே வேண்டாம் என்கிறீர்களா?” என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாம் அப்படிச் சொல்லவில்லை. மாட்டு வண்டிக் காலத்துக்குத் திரும்புவது நம் கொள்கையல்ல. நம் வீட்டிலும் அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. விஞ்ஞானம் ஆலை கட்டக் கற்றுக்கொடுத்தது; அதே விஞ்ஞானம் மண்ணைச் சோதிக்கவும் கழுவவும் கற்றுக்கொடுத்திருக்கிறது. முதற் பாடத்தை மட்டும் படித்து லாபத்தை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாடத்தைச் செலவென்று தள்ளுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். ஆலை கட்ட அனுமதி கேட்கும் நாளிலேயே, மூடும் நாளில் சுத்தம் செய்யும் பணத்தையும் கட்டி வை என்று கேட்பது நியாயமா, இல்லையா?

தோழர்களே! நாம் சொன்னோமென்று ஒன்றையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெளிவாயிருந்தாலும் நம்பிவிடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். அடுத்த கிராமசபையில் யாராவது ஒருவர், ஒரே ஒருவராவது, “அந்த மதிலுக்குள் என்ன கிடக்கிறது?” என்று எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். மனிதனுக்கு மானம் என்பது தன் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் இருக்கிறது.