மலிவு டிக்கெட்டும் அம்மாவின் குத்துவிளக்கும்



'மலிவு விமானம் நமக்கு லாபமா, நஷ்டமா?' என்பது இன்றைய தலைப்பு. வழக்கமாக மற்றவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இன்று அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. தாத்தாவுக்குச் சொந்த ஊர் முசிறி. தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய் வந்தார். பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கப் பல நாள் கடல் பயணம். பின்னாளில் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீ விபத்துக்குப் பிறகு நின்றுபோனது. அப்புறம் விமானம்தான் வழி. பால் மரம் வெட்டிய குடும்பத்துக்கு அந்த டிக்கெட் எட்டாக்கனி.

2001-ஆம் ஆண்டு இரண்டு விமானங்களும் 40 மில்லியன் வெள்ளி கடனும் இருந்த ஏர் ஆசியாவை டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள். 'இனி எல்லோரும் பறக்கலாம்' என்றார்கள். 2008 டிசம்பரில் அந்த நிறுவனம் முதன்முதலாக இந்தியாவுக்குப் பறந்தது. இறங்கியது எங்கே தெரியுமா? டில்லியும் அல்ல, சென்னையும் அல்ல. திருச்சி! நம் ஆட்கள் ஏறுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, லாபமா நஷ்டமா? என் அம்மா இரண்டையும் பார்த்துவிட்டார்.

முதல் பயணத்துக்குச் சலுகை விற்பனையில் எட்டு மாதம் முன்பே பதிவு செய்தேன். போக 290 வெள்ளி, வர 310 வெள்ளி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போதுதான் திருச்சி முகப்பிடத்தில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். இட்லிப் பொடி, வடகம், நான்கு சேலை, அத்துடன் அத்தை கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. ஒன்பது கிலோ கூடுதல். அதற்குக் கட்டிய தொகை, வரும் டிக்கெட்டை விட அதிகம். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் தவறு எங்களுடையது. போகும்போது 20 கிலோ வாங்கினேன். வரும்போது பெட்டி கனக்கும் என்பதை மறந்தேன். ஊருக்குப் போகும் தமிழன் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் உண்டா?

டிக்கெட்டோடு சேர்த்து இணையத்திலேயே கிலோ வாங்கினால் ஒரு விலை. முகப்பிடத்தில் போய் நின்றால் இன்னொரு விலை. கையில் கொண்டு போகும் பைக்கு பொதுவாக 7 கிலோதான். கையில்தானே இருக்கிறது என்று அதில் பத்து கிலோ திணிக்காதீர்கள், அதையும் நிறுப்பார்கள்.

இரண்டாவது பயணம் அத்தை இறந்த செய்தி வந்தபோது. மறுநாளே கிளம்ப வேண்டும். அதே வழி, அதே இருக்கை, ஒரு வழிக்கு மட்டும் 1,100 வெள்ளி. அம்மா கேட்டார்: "சாவுக்குப் போறவங்ககிட்டயா தம்பி இவ்வளவு வாங்குவாங்க?" என்னிடம் பதில் இல்லை.

காரணம் மட்டும் தெரியும். ஏர் ஆசியா ஓட்டும் ஏர்பஸ் 320 விமானத்தில் ஏறக்குறைய 180 இருக்கைகள். அவற்றைப் படிப்படியாகப் பிரித்து விற்கிறார்கள். அடிப்படி விலையில் சில இருக்கைகள், அவை தீர்ந்ததும் அடுத்த படி. கடைசிப் படியில் நிற்பவன் அவசரக்காரன். முன்கூட்டியே முடிவு செய்ய முடிந்தவனுக்குத்தான் மலிவு. நாள் சம்பளக்காரனுக்கு எட்டு மாதம் கழித்து லீவு கிடைக்குமா என்பது அவனுக்கே தெரியாது. மலிவு விமானத்தைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொரு விஷயம். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது அடிப்படியில் இரண்டு இருக்கை மட்டும் மிச்சம் இருந்தால், பெரும்பாலும் நால்வருக்குமே மேல்படி விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டு இரண்டாக வாங்குங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் போடுங்கள். நம் பெயர்களில்தான் ஓர் 'ஏ' கூடும், ஓர் 'எச்' குறையும்.

பேராக்காரர்களுக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. ஈப்போ விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் கிடையாது. மேரு ராயா அமான்ஜெயாவில் பஸ் ஏறியோ, ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போயோ சிப்பாங் இரண்டாவது முனையத்துக்குச் சேர வேண்டும். விடியற்காலை விமானம் 60 வெள்ளி மலிவாக இருக்கும். ஆனால் நள்ளிரவு பஸ்ஸோ, ஓர் இரவு ஹோட்டலோ அந்த அறுபதை விழுங்கிவிடும். அதுபோலத்தான் சென்னை டிக்கெட்டும். முசிறிக்குப் போகிறவர் சென்னையில் இறங்கி 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போவது சேமிப்பா? வாசல் முதல் வாசல் வரை கூட்டிப் பாருங்கள்.

விமானம் தாமதமானால் வாயைத் திறந்து கேளுங்கள். நம் நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளில் 2024 செப்டம்பர் 2 முதல் ஒரு மாற்றம் நடப்பில் உள்ளது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, நீங்கள் போக விரும்பாவிட்டால், பணம் கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வவுச்சர் தருகிறோம் என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்.

தோட்டம் விட்டு வந்த பெரியவர்கள் பலரிடம் வங்கி அட்டை கிடையாது. ஆங்கிலத் திரையைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. யாரோ பதிவு செய்து கொடுத்து, இடையில் ஒரு தொகை எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

அம்மாவுக்கு மறுபடியும் ஊர் ஆசை வந்துவிட்டது, அதுவும் பொங்கலுக்கு. "பொங்கல் கழித்துப் போனால் பாதி விலைம்மா" என்றேன். "அப்போ போயி கரும்புச் சக்கையவா பாக்கணும்?" என்றார். பொங்கலுக்கே டிக்கெட் வாங்கிவிட்டேன். வரும்போது 30 கிலோ.