நடுச்சாமத்தில் விழிக்கும் பெண்கள்

45 வயதைத் தாண்டிய பெண்கள் பலர் ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்கிறார்கள். "மனசுல என்ன கவலை?" என்று வீட்டில் கேட்பார்கள். கவலையும் இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, மூளையில் உடல்சூட்டைக் கவனிக்கும் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறிவிடுகிறது. குப்பென்று சூடு, வியர்வை, பிறகு குளிர். அதன்பின் தூக்கம் எங்கே வரும்? மாலைக் காபி வேறு. குடித்து 5 மணி நேரம் கழித்தும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும். குறட்டையை ஆண்கள் சமாச்சாரம் என்றே நினைக்கிறோம். ஆனால் மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் கூடுகின்றன. படுத்ததும் கால் குறுகுறுத்துத் தூக்கம் கெட்டால், அதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாகலாம். அம்மாவோ அக்காவோ "தூக்கமே இல்லை" என்றால், வயசாகிவிட்டது என்று தள்ளாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீராக்கும் சிகிச்சையைத்தான் மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கிறார்கள்.