கத்திக்கு முன் ஒரு கணக்கு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

என்ன தலைப்பில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சங்கச் செயலாளர், "நீங்க சிவில் ஆச்சே, பாலத்தைப் பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சேன். கேன்சரைப் பத்தி நீங்க என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் டாக்டர் அல்ல. 2010-இல் இந்தக் கல்லூரியை விட்டுப் போய், பால வேலைகளில் வெயிலில் நிற்பவன். ஒரு நோயாளியின் மகனாக டாக்டர்களின் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும், இதுவும் நம்முடைய பாடம்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

2022 கோடை. சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவிடமிருந்து போன். "தம்பி, ஒண்ணுக்குப் போறப்ப ரெண்டு தடவை செவப்பாப் போச்சுப்பா. வலி ஒண்ணுமில்ல." நான் யோசிக்கக்கூட இல்லை. "வெயில் சூடுப்பா. இளநீர் குடிங்க, வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மிக்சர் லாரியைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு நாளில் ரத்தம் நின்றது. இளநீருக்கு நல்ல பெயர் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து ரத்தம் கட்டி கட்டியாகப் போன பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

சிறுநீர்ப் பாதையில் வரும் புற்றுநோய் இப்படித்தான் நடந்துகொள்ளுமாம். வலியில்லாமல் ரத்தம் வரும். தானாகவே நின்றும் விடும். நின்றதனால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அப்பா முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். இந்த நோய்க்கு முதல் காரணம் புகைதான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி மருந்து போடுவதற்கு முன் ஒரு முறை, போட்டுச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் ஒரு முறை, மருந்து சிறுநீரோடு கலந்து கீழே இறங்கும்போது இன்னொரு முறை. வலது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயின் கீழ்ப்பகுதியில் கட்டி. அதற்கு மேலே குழாயும் சிறுநீரகமும் வீங்கியிருந்தன.

"நீங்க இன்ஜினியர்னு அப்பா சொன்னாரு. பைப் அடைச்சா மேல தண்ணி தேங்கும் இல்ல சார்? அதான் இது" என்றார் டாக்டர். பிறகு, "ஆபரேஷன் அடுத்த வாரமே பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடணும்" என்றார்.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்கிறேன். இந்த அறுவையில் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம், முழுக் குழாய், குழாய் சேருமிடத்தில் சிறுநீர்ப்பையின் ஒரு சிறு பகுதி எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். கட்டி குழாயின் தசைச் சுவருக்குள் இறங்கியிருந்தால் அறுவை மட்டும் போதாது, கீமோவும் தேவைப்படலாம். அதில் முக்கியமான மருந்து சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்துக்குக் கடுமையானது. சிறுநீரகம் நிமிடத்துக்கு 60 மில்லி லிட்டராவது வடிகட்டினால்தான் பொதுவாக அதைக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு 68 இருந்தது. ஒரு சிறுநீரகம் போனால் 60-க்குக் கீழே இறங்கிவிடும் என்றார் டாக்டர். அறுவைக்குப் பின்னும் கீமோ கொடுப்பதுண்டு. அது பலன் தருகிறது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் சிறுநீரகம் தாங்காதவர்களுக்கு வேறு மருந்துதான் தர முடியும்.

கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதோ, வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். ஆக, கீமோ வேண்டுமா என்று தெரிகிற நாளில் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாது. கொடுக்க முடிகிற நாளில், வேண்டுமா என்று உறுதியாகத் தெரியாது. அறுவைக்கு முன் ஸ்கேனைப் பார்த்து ஊகிக்க வேண்டிய கட்டாயம் இதனால்தான் வருகிறது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்தக் கல்லூரியின் மண் இயந்திரவியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். அதை வைத்து அஸ்திவாரம் போடுவோம். இரண்டு போர்ஹோலுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று நாம் யாரும் பார்த்ததில்லை. "தெரியாது என்பது தப்பில்லை, எவ்வளவு தெரியாது என்பது தெரியாமல் டிசைன் பண்ணாதே" என்பார் எங்கள் பேராசிரியர். மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த தூக்கத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி அன்று உதவியது.

டாக்டர்களுக்கும் இதே நிலைதான். குழாயின் சுவர் மிக மெல்லியது. கட்டி அதில் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்பதை சி.டி. தெளிவாகப் பிரித்துக் காட்டாது. குழாய்க்குள் கருவி விட்டு எடுக்கும் பயாப்சித் துண்டோ மிகச் சிறியது. கட்டியின் குணத்தைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ஆகவே துப்புகளைச் சேர்க்கிறார்கள். ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் இருக்கிறதா? பயாப்சியில் செல்கள் தீவிர வகையா? சிறுநீரில் புற்றுச் செல்கள் தெரிகின்றனவா? நான் இங்கே கடைசித் தேர்வு எழுதிய அதே 2010-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மூன்றும் இருந்தவர்களில் 100-க்கு 89 பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. மூன்றும் இல்லாதவர்களில் ஒருவருக்கும் இறங்கவில்லை.

89 என்றதும் நமக்கு டிஸ்டிங்ஷன் ஞாபகம் வரும். ஆனால் மீதி 11 பேரை நினைத்துப் பாருங்கள். கல் அடைத்தாலும் சிறுநீரகம் வீங்கும். கட்டி உள்ளே இறங்காமல் குழாய்க்குள்ளேயே வளர்ந்து அடைத்தாலும் வீங்கும். அந்த 11 பேருக்குக் கீமோ கொடுத்தால் தேவையில்லாத வேதனை. ஆய்வில் இருந்தவர்களும் சில நூறு பேர்கூட இல்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் வீக்கத்தைக் கெட்ட அறிகுறியாகத்தான் பார்க்கின்றன. ஆனால் எதுவும் ஜோசியம் அல்ல.

அப்பாவுக்கு மூன்றும் இருந்தன. கீமோ முதலில் என்று முடிவானது. அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "உள்ள இருக்கிறதை எடுக்காம மூணு மாசம் மருந்து ஏத்தறாங்களே!" என்று அழுதார். பயம் நியாயமானது. மருந்துக்குக் கட்டி அசையாவிட்டால் அந்த மூன்று மாதமும் நஷ்டம்.

அதே ஸ்கேனில் டாக்டர் இன்னொன்றும் காட்டினார். இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பின் மட்டத்தில் ஒரு குறுக்கு வெட்டுப் படம். அதில் தெரியும் தசையின் பரப்பு. தசை வற்றியவர்கள் இந்த நோயின் பெரிய அறுவைகளுக்குப் பின் தேறுவது கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றனவாம். "முட்டை, பருப்பு, நடை. இது உங்க டிபார்ட்மென்ட்" என்றார். வாந்திக்கு நடுவிலும் அப்பா தினமும் தெருக்கோடிவரை நடந்தார். கூடவே நானும்.

நான்கு சுற்றுக் கீமோ, பிறகு அறுவை. ரிப்போர்ட் வந்தது. தசையில் கட்டி இல்லை.

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குள் மட்டும் ஒரு கேள்வி. மருந்து தசையிலிருந்த கட்டியை அழித்ததா? அல்லது கட்டி தசைக்குள் போகவே இல்லையா, அப்பா அந்த 11 பேரில் ஒருவரா? டாக்டரிடமே கேட்டேன். "உங்க அப்பா விஷயத்துல இனிமே யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார். பலப்படுத்திய பாலம் விழாமல் நிற்கிறது. பலப்படுத்தாவிட்டால் விழுந்திருக்குமா என்று நமக்கும் தெரியாதல்லவா?

ஒருவர் விஷயத்தில் தெரியாதது, நூறு பேர், ஆயிரம் பேர் விவரத்தைச் சேர்த்தால் தெரியும். மாணவத் தம்பி, தங்கைகளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. இன்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேன் படங்களைக் கொடுத்து நோயின் போக்கைக் கணிக்க வைக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. உங்களில் சிலர் பிராஜக்டுக்கு அதையே எடுப்பீர்கள். அனுபவத்தில் மூன்று வார்த்தை சொல்கிறேன். ஒரு மெஷினில் எடுத்த படத்தில் தேறிய புரோகிராம், வேறு மெஷினில், வேறு கனத்தில் வெட்டிய படத்தில் தவறலாம். வெளியூர்ப் படங்களிலும் சோதியுங்கள். சிகிச்சையில் எந்த முடிவையும் மாற்றாத கணிப்பு, எவ்வளவு துல்லியமானாலும் பயனற்றது. தவறும் அந்த 11 பேரை மறைக்காமல் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர். 1971 அக்டோபர் 1-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். 1979-இல் அவருக்கும் கார்மாக் என்ற இயற்பியல் அறிஞருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று ஸ்கேனில் வரும் அளவு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் இனத்தவர் என்று பெருமைப்படலாம்.

ஆனால் எடுக்காத ஸ்கேன் எதையும் சொல்லாது. அந்த நான்கு மாதத்தில் என்ன போயிற்று என்று எந்தக் கணக்காலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அப்பா இன்று நன்றாக இருக்கிறார். இந்த நோய் பிறகு பையிலும் வரக்கூடும் என்பதால் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்த்தார்கள். இப்போது இடைவெளி கூடியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தான் இங்கே நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து அப்பாவோ அம்மாவோ போன் செய்து, "கொஞ்சம் செவப்பாப் போச்சு" என்றால், தயவுசெய்து இளநீர் சொல்லாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கான்கிரீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருப்பார்.